கூரைக்கு என்ன வேலை?

பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த இசட்3 காருக்கு இரும்புக் கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு துணிக்கூரை, அவ்வளவுதான். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, பின்சக்கர இயக்கம் என்று ரோட்ஸ்டருக்கு உரிய லட்சணங்கள் எல்லாம் இருந்தன. விற்பனையும் நன்றாகவே இருந்தது. அதன் உருவாக்கத்தில் இருந்த பொறியாளர் புர்க்ஹார்ட் கோஷெலுக்கு மட்டும் திருப்தி வரவில்லை. வண்டியின் உடல் போதுமான விறைப்போடு இல்லை என்பது அவர் குறை. ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு, வழக்கமான வேலைக்கு வெளியே, அதே வண்டிக்கு நிரந்தரக் கூரை போட்டுப் பார்த்தார். நிர்வாகம் சம்மதித்தது, ஆனால் செலவு கூடக் கூடாது, கதவு முதல் முன்பக்கத் தகடுகள் வரை முடிந்தவரை ரோட்ஸ்டருடையதையே பயன்படுத்த வேண்டும் என்றது.

1998-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கூபேயின் பின்பக்கம் விசித்திரமாக இருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘கோமாளியின் ஷூ’ என்று கேலி செய்தார்கள். (இன்று அதே ஷூவைத் தேடி அலைகிறார்கள், அது வேறு கதை.) உடலின் முறுக்கு விறைப்போ ரோட்ஸ்டரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. தளம் அதே, சஸ்பென்ஷன் அமைப்பு அதே. கூடியது பெரும்பாலும் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும்தான்.

வெயிலையும் மழையையும் மறைக்கும் ஒரு தகடு இவ்வளவு செய்யுமா? ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சி வைக்கும் உள்தட்டை மட்டும் உருவி இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொள்ளும். மறுபடி உறைக்குள் தள்ளிவிட்டுத் திருகினால் அப்படி வளையாது. நான்கு பக்கமும் மூடிய குழாயில் முறுக்கு விசை சுற்றிச் சுற்றி ஓடி முழு வட்டம் அடிக்கிறது. எல்லாத் தகடுகளும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மேல்பக்கம் திறந்துவிட்டால் வட்டம் அறுந்துவிடுகிறது. அதன் பிறகு தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு விட்டங்களும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

அதற்காக அந்த விட்டங்களைத் தடிமனாக்குகிறார்கள். தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் போடுகிறார்கள். வண்டி உருண்டால் தலையைக் காக்க வேண்டும் என்பதால் முன்கண்ணாடிச் சட்டத்தையும் பலப்படுத்துகிறார்கள். கூரையை வெட்டினால் எடை குறையும் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது.

ஓட்டுபவருக்கு இதனால் என்ன? நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உண்டு, அதை அடக்க ஷாக் அப்சார்பர் உண்டு. உடலே முறுக்கிக்கொண்டால் அது ஐந்தாவது ஸ்பிரிங். அதற்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் சாயத் தொடங்கும், பின்பக்கம் ஒரு கணம் தாமதித்தே அதைப் பின்தொடரும். முன்னுக்கு எவ்வளவு விறைப்பு, பின்னுக்கு எவ்வளவு என்று பொறியாளர் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கு நடுவில் கொஞ்சம் கரைந்துவிடும்.

அதிர்வு இன்னொரு தொல்லை. குழியில் இறங்கி ஏறும் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 முதல் 15 தடவை துள்ளும். மூடிய காரின் உடலுக்கு இயல்பான அதிர்வெண் அதைவிட வெகுவாக மேலே இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சீண்டுவதில்லை. திறந்த காரில் அது கீழே இறங்கி, துள்ளும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்போது முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும், டாஷ்போர்டு கிடுகிடுக்கும், உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும். பல திறந்த கார்களின் மூலையில் ஸ்பிரிங்கில் தொங்கும் இரும்புக் கட்டிகளை ஒளித்துவைத்திருப்பது இதற்காகத்தான். உடல் ஒரு பக்கம் ஆடும்போது கட்டி எதிர்ப்பக்கம் ஆடி அதை அமர்த்தும்.

கூரைதான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கூபேயின் எலும்புக்கூடு மெல்லிய குழாய்களால் ஆனது. விறைப்புக்காகப் பக்கவாட்டில் குழாய்களை உயர்த்தியதில் சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லாமல் போயிற்று. அதனால்தான் புகழ்பெற்ற அந்தச் சிறகுக் கதவுகள். ஏறி உட்காருவதற்கே ஸ்டியரிங் சக்கரத்தை மடக்க வேண்டும். கதவுக் கண்ணாடியை இறக்க முடியாது. கோடையில் உள்ளே வெந்து போவார்கள். 1957-ல் ரோட்ஸ்டராக மாற்றியபோது பக்கவாட்டுச் சட்டத்தைத் தாழ்த்திச் சாதாரணக் கதவு வைத்தார்கள், பின் அச்சையும் திருத்தினார்கள். எடை கூடியது. ஆனாலும் நாள்தோறும் ஓட்டுவதற்கு எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரோட்ஸ்டரைத்தான் கேட்பேன். சிறகுக் கதவு அருங்காட்சியகத்தில் இருக்கட்டும்.

காற்றின் கணக்கு இன்னும் கறாரானது. அமெரிக்காவில் கேரல் ஷெல்பியின் கோப்ரா திறந்த கார், 4.7 லிட்டர் வி8 எஞ்சின். குறுகிய பந்தயத் தடங்களில் யாரையும் விரட்டும். லெ மான் பந்தயத்தின் நீண்ட நேர்ச்சாலையில் மட்டும் மணிக்கு 255 கிலோமீட்டர் வாக்கில் மூச்சு வாங்கியது. ஃபெராரிகள் தாண்டிப் போயின. பீட்டர் பிராக் என்ற இளம் வடிவமைப்பாளர் அதே சட்டகத்தின் மேல் மூடிய உடல் ஒன்றை வரைந்தார். சரிந்திறங்கும் கூரை, வெட்டிவிட்டதுபோல் முடியும் வால். டேடோனா கூபே என்று பெயர் பெற்ற அந்த வண்டி அதே வகை எஞ்சினோடு 300 கிலோமீட்டரைத் தொட்டது. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் கன அளவில் ஏறும். ஆகவே பழைய திறந்த உடலோடு அந்த வேகத்தை எட்ட எஞ்சினுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் குதிரைத் திறன் வேண்டியிருந்திருக்கும். 1964-ல் லெ மானில் டான் கர்னியும் பாப் பாண்டுரன்டும் அதை ஓட்டித் தங்கள் பிரிவில் வென்றார்கள். மறு ஆண்டு உலகப் பட்டமும் கிடைத்தது. மொத்தம் செய்ததே ஆறு வண்டிகள்.

திறந்த காரில் காற்று முன்னாலிருந்துதான் முகத்தில் அறையும் என்று உட்கார்ந்து பார்க்காதவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது முதுகுப்பக்கமாக வருகிறது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் பிய்த்துக்கொண்டு போகும் காற்று, இருக்கைகளின் மேலே தாழ்ந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுருண்டு முன்னே பாய்கிறது. கூந்தல் பின்னால் பறப்பதற்குப் பதில் கண்ணை மறைக்கும். 1989-ல் மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் இருக்கைகளுக்குப் பின்னே வலைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி இதைத் தணித்தார்கள். 2004-ல் எஸ்.எல்.கே. ரோட்ஸ்டரில் தலைசாய்ப்பானிலிருந்து கழுத்தில் வெதுவெதுப்பான காற்றை ஊதும் ஏற்பாடும் வந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் கூரையைத் திறக்க எவ்வளவு பிரயாசைப்படுகிறார்கள் பாருங்கள்!

சத்தத்துக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. காற்றொலியின் சக்தி ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் படியில் வளர்கிறது. வேகம் இரட்டித்தால் சுமார் 18 டெசிபல் கூடும். நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காகக் கூரையைத் திறந்து ஓட்டுவது காதுக்கு நல்லதல்ல.

இவ்வளவு குறைகள் இருந்தும் ரோட்ஸ்டரை ஏன் விரும்புகிறார்கள்? நம் உடலில் வேகத்தை அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது. கண்ணின் ஓரங்களில் ஓடி மறையும் மரங்களிலிருந்தும், காதில் விழும் இரைச்சலிலிருந்தும், தோலில் படும் காற்றிலிருந்தும் மூளை அதை ஊகிக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் ஓட்டுநர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது சோதனைகளில் கண்ட விஷயம். கூபே இந்தச் சேதிகளை எல்லாம் வடிகட்டிவிடுகிறது; அதில் 120 கிலோமீட்டர் சாதாரணமாகப் படும். திறந்த காரில் 60-லேயே நெஞ்சு படபடக்கும். வேக வரம்பு உள்ள பொதுச்சாலையில் குறைந்த வேகத்தில் நிறைந்த கிளர்ச்சி தருவது எது என்று கேட்டால், ரோட்ஸ்டர் பக்கம்தான் என் ஓட்டு. நொடிகளை எண்ணும் பந்தயத் தடத்தில் கூபேதான்.

முறுக்கு விவகாரத்துக்குத் தீர்வு பந்தயத்திலிருந்தே வந்தது. 2005-ல் நம் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் ஃபார்முலா 1 காருக்கும் கூரை இல்லைதான். அதன் விறைப்பு, 1981-ல் மெக்லாரன் ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்த கார்பன் இழைத் தொட்டியின் வழிவந்தது. ஓட்டுநர் உட்காரும் அந்தத் தொட்டியே முழு விறைப்பையும் தருவதால் கூரையிடம் கேட்க எதுவும் இல்லை. அதே நிறுவனம் சாலைக்கென்று செய்த 12சி ஸ்பைடரில், கூபேயைவிடக் கூடிய எடை சுமார் 40 கிலோதான். அது கூரையையும் அதை மடக்கும் இயந்திரத்தையும் சேர்ந்தது. உடலைப் பலப்படுத்தத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. விலையைக் கேட்காதீர்கள். அந்த வண்டியில் இன்னொரு வசதியும் வைத்தார்கள்: மழை பெய்து கூரையை மூடியிருக்கும்போதும், தலைக்குப் பின்னால் உள்ள சிறு கண்ணாடியை மட்டும் இறக்கி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம்.