பிழை கண்டால் எழுதுங்கள்



விடைத்தாள் திருத்துவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின் கணிப்பொறியோடு பழகத் தொடங்கியபோது, அங்கும் தேர்வும் திருத்தமும் நடைபெறுவதைக் கண்டேன். மின்னஞ்சல் நிரல்கள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன, அவற்றில் குறை கண்டால் நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இன்று சிறிது விளக்க விரும்புகிறேன்.

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு அளிக்கவும் உரிமை தருவது. நாட்மச் என்னும் நிரல் அவ்வகையைச் சார்ந்தது. கார்ல் வொர்த் என்பவர் 2009ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். கணிப்பொறியில் குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களுக்கு அட்டவணை அமைத்து, வேண்டிய கடிதத்தை நொடியில் தேடித் தருவது அதன் பணி.

அந்நிரலுடன் ஒரு சோதனைத் தொகுதியும் உண்டு. அது மாதிரிக் கடிதங்களை ஆக்கி, நிரலை இயக்கி, வெளிவந்த விடையை முன்னரே எழுதிவைத்த விடையோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாயின் 'பாஸ்' என்றும், வேறாயின் 'ஃபெயில்' என்றும் அச்சிடுகிறது. எந்த வரி மாறியது என்பதையும் உடன் காட்டுகிறது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அண்மைக் கடிதங்களின் தேதியை அந்நிரல் 'இன்று', 'நேற்று' என்னும் முறையில் காட்டும். அதனை அப்படியே விடைக்குறிப்பில் எழுதினால், இன்று சரியான விடை நாளை தவறாகிவிடும் அன்றோ? ஆகவே மாதிரிக் கடிதங்கள் பலவற்றுக்கு 2001 ஜனவரி 5 என்னும் பழைய தேதியே இடப்பட்டிருக்கிறது. கடிதத் தொடர் ஒவ்வொன்றுக்கும் நிரல் தானே இடும் பதினாறு இலக்கக் குறியீடும் நிலையானதன்று. ஒப்பிடுமுன் அதனை நீக்கி வெற்றுக் குறிகளை இட்டுவிடுகிறார்கள். மாறுவதை விலக்கி, மாறாததை மட்டும் ஒப்பிடுவதே நல்ல சோதனையின் இலக்கணம்.

சோதனை 'ஃபெயில்' என்றால் வழி இரண்டு: நிரலைத் திருத்தலாம், எதிர்பார்த்த விடையை மாற்றி எழுதலாம். வெளியீட்டின் அமைப்பை அறிந்தே மாற்றியிருந்தால் இரண்டாவது வழியும் முறையானதே. ஆனால் காரணம் ஆராயாமல் அவ்வாறு செய்வது, மாணவன் எழுதிய பிழைக்கேற்ப ஆசிரியர் விடைக்குறிப்பைத் திருத்துவதை ஒக்கும். பின்னர் ஒருவருடைய கடிதம் தேடலில் அகப்படாமற் போனாலும், சோதனை 'பாஸ்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிழையினும் கொடியது பிழையை மறைக்கும் தேர்ச்சி.

உடனே திருத்த இயலாத குறைகளுக்கு நாட்மச்சில் நேர்மையான ஓர் ஏற்பாடு உண்டு. சரியான விடையை அப்படியே வைத்து, அச்சோதனையை 'ப்ரோக்கன்' எனக் குறிக்கிறார்கள். பின்னொரு நாள் குறை நீங்கினால் அத்தொகுதியே 'ஃபிக்ஸ்ட்' என்று அறிவிக்கும்.

இனி, நம் பங்கு யாது? பயன்படுத்துவோர் சொல்லாவிடில் நிரல் எழுதியோர் அறிய மாட்டாத குறைகள் பல உள. தமிழே அதற்குச் சான்று. மின்னஞ்சலின் தலைப்பு வரியில் தமிழ் எழுத்துகளைக் குறியீடுகளாக மாற்றி அனுப்பும் விதி 1996இல் வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு குறியீட்டுத் துண்டு 75 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. ஓர் எழுத்தின் பைட்டுகள் இரு துண்டுகளில் சிதறவும் கூடாது. இன்று பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 'க' என்பதற்கு மூன்று பைட்டுகள். 'கி' என்பதற்கு ஆறு. ஒரு நிரல் கவனமின்றி நடுவே வெட்டினால், தலைப்பின் இடையில் எழுத்துச் சிதைந்து வினாக்குறியோ கட்டமோ தோன்றும். தமிழில் கடிதம் எழுதாத ஒருவர் இதனை எங்ஙனம் காண்பார்?

கண்டவர் எழுத வேண்டும். 'நிரல் வேலை செய்யவில்லை' என்பது முறையீடே தவிர, அறிக்கை அன்று. நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நிகழ்ந்தது இது என மூன்றையும் தனித்தனியே கூறுங்கள். நிரலின் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். குறையைக் காட்டும் மிகச் சிறிய கடிதம் ஒன்றை ஆக்கி இணையுங்கள். பிறருடைய சொந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். பெயரும் முகவரியும் நீக்கிய மாதிரியே போதும். அனுப்புமுன், அதே குறையை வேறொருவர் முன்பே தெரிவித்திருக்கிறாரா என்று பார்ப்பதும் நன்று.

இவ்வாறு எழுதிய அறிக்கை, கேட்போருக்கு ஆயத்தமான ஒரு சோதனையாகவே அமைந்துவிடுகிறது. நீங்கள் எதிர்பார்த்தது விடைக்குறிப்பாகிறது; உங்கள் மாதிரிக் கடிதம் வினாவாகிறது. அது தொகுதியில் சேர்ந்துவிட்டால், அப்பிழை மீண்டும் தலைகாட்டும்போது சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும். நிரல் எழுதத் தெரியாத மாணவரும், தெளிவாக எழுதத் தெரிந்தால், இப்பணியில் பங்குகொள்ளலாம். தமிழ் எழுத்து எங்கேனும் சிதைந்து கிடக்கக் கண்டால், வருந்தி விலகாமல், மூன்று வாக்கியம் எழுதி அனுப்புங்கள்.