குதிரையும் கடிவாளமும்

துப்பாக்கி என்பது துருக்கியச் சொல்லடியாகப் பிறந்தது. அதன் சுத்தியலுக்குக் 'குதிரை' எனப் பெயரிட்டது தமிழ். குதிரைக்குக் கடிவாளம் வேண்டுமன்றோ? வின்செஸ்டரின் 1894ஆம் ஆண்டு நெம்புகோல் துப்பாக்கியில், குதிரையைப் பாதியளவே இழுத்து நிறுத்தும் அரைநிலைப் பள்ளமே அக்கடிவாளம்.

குன்றக்குடியில் நண்பரொருவர் இல்லத்தில், அவர்தம் பாட்டனார் காலத்து உரிமத் துப்பாக்கியொன்று இறுகிக் கிடக்கக் கண்டோம். "பள்ளத்தை அரத்தால் சற்றே தேய்த்தால் இளகும்" என்றார் நண்பர். தடுத்தோம். இறுக்கம் பெரும்பாலும் உறைந்த எண்ணெயாலும் துருவாலும் வருவது. தோட்டாக்களை நீக்கி, குழலறை வெறுமையென உறுதிசெய்து, துடைத்து, ஒருதுளி எண்ணெயிடலாம். அப்பாலும் இளகாவிடில், 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

தேய்ந்த பள்ளத்தினின்று குதிரை தானே நழுவும். விரலுக்கு எளிதாக்கப் போய் உயிருக்கு ஊறு தேடலாகாது.