பிள்ளைக்குப் பழைய ‘குறோஸ்’ மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு நாள் இந்தக் கரைச்சல் தொடங்கும். வகுப்புப் பெடியன் ஒருவன் உயரமான, சேறு தெறித்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். அன்றிரவே எங்கள் பிள்ளை கைத்தொலைபேசியை நீட்டும்: “அப்பா, மலிவாய் ஒண்டு வந்திருக்கு, பாருங்கோவன்.” என் வீட்டில் மகன் கேட்டான். தங்கை வீட்டில் மகள் கேட்டாள். மியூனிக்குக்குப் புதிதாக வந்து குடியமர்ந்திருக்கும் குடும்பங்கள் நான் பட்டதைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்திலேயே ‘ஓனெ பப்பீயெரெ’, அதாவது கடதாசிகள் இல்லை என்று எழுதியிருந்தார். எனக்குத்தான் அதன் அர்த்தம் விளங்கவில்லை. ஊரில் புத்தகம் துலைந்த சைக்கிளுக்குப் பிறகு ஆறுதலாகப் புத்தகம் எடுப்பதில்லையா, அதுபோல இதுவும் என்று நினைத்தேன். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். அப்படி ஐந்து வருடம் ஒரு ஹொண்டா எம்.டி. 90 ஐ ஓட்டியவன் நான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்வேன் என்ற எண்ணம் எனக்கு. காதைக் கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் திறம். காசைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே ஆளில்லாத வயற்பாதை ஒன்றில் மகனை ஓட விட்டேன். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இருபது நிமிடத்தில் பொலிஸ் வந்தது. அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பிறகு வந்த கடிதங்களில் மகனின் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓடுவது இந்த நாட்டில் வெறும் தண்டப்பணம் கட்டிவிட்டு மறக்கும் விடயம் அல்ல, குற்றம். கட்டாயக் காப்புறுதி இல்லாமல் பொது வழியில் ஓடுவதும் குற்றம். ஓட விட்ட சொந்தக்காரருக்கும் தண்டனை உண்டு. வயற்பாதைதானே என்று சொல்ல முடியாது. யாரும் வந்து போகக்கூடிய பாதை என்றால் அது பொது வழிதான்.

மகனைச் சில மணித்தியாலம் சமூக வேலை செய்ய வைத்து விட்டுவிட்டார்கள். எனக்குச் சிறிய தண்டம். ஆனால் அந்த நேரம் எங்கள் குடும்பத்தின் பிரசாவுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. சிறிய தண்டப்பணம், அதாவது 90 நாட்கணக்கு வரையிலானது, பொதுவாக விண்ணப்பத்தைக் கெடுக்காது. ஆனால் விசாரணை நடக்கும்போது முடிவு சொல்ல மாட்டார்கள், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு மாதம் காத்திருந்தோம். அந்த எட்டு மாதமும் மனைவி என்னோடு மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

அன்று மகன் யாரையாவது இடித்திருந்தால்? வீட்டில் நாம் வைத்திருக்கும் ‘ஹப்ட்ஃபிளிக்ட்’ காப்புறுதி மோட்டார் வாகனத்தால் வரும் சேதத்துக்குக் காசு தராது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

சரி, அப்படியென்றால் எதை வாங்குவது? பத்து மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் இரண்டு சாதி இருக்கின்றன. ஒன்று ‘மோட்டோகுறோஸ்’. லைற் இல்லை, கண்ணாடி இல்லை, இலக்கத் தகட்டுக்கு இடமில்லை. மூடிய பந்தயத் திடலில் மட்டும் ஓடுவதற்குச் செய்தது. அதைத் திடலுக்குக் கொண்டுபோக வானோ இழுவைப் பெட்டியோ வேண்டும். அதற்குப் பிறகு கடதாசி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனிப் பரிசோதனைக்கு ஆகும் செலவு சைக்கிளின் விலையை விழுங்கும், அப்படியும் பெரும்பாலும் கிடைக்காது. மற்றது ‘என்டூறோ’. மண்ணிலும் ஓடும், லைற்றும் இலக்கமும் கடதாசியும் இருக்கும், றோட்டிலும் ஓடலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான். அதற்காக என்டூறோவை எடுத்துக்கொண்டு பெர்லாகர் காட்டுக்குள்ளோ ஈசார் ஆற்றங்கரைக்கோ போகலாம் என்று அர்த்தமில்லை. காட்டுப்பாதைகள் மோட்டார் வாகனத்துக்கு மூடியவை, இலக்கத் தகடு இருந்தாலும்தான். மண்ணில் ஓட ஆசை என்றால் ஏ.டி.ஏ.சி. யோடு சேர்ந்த உள்ளூர்க் கழகங்களின் திடல்கள் இருக்கின்றன. பயிற்சி நாட்களை விசாரித்துப் போகலாம். (அந்த ஏ.டி.ஏ.சி. யே 1903 இல் மோட்டார் சைக்கிள்காரர் சங்கமாகத் தொடங்கியதுதான். இன்று அதன் தலைமையகம் எங்கள் மியூனிக்கில்.)

இனி லைசென்ஸ். பதினைந்து வயதில் ஏ.எம். என்ற வகுப்பு எடுக்கலாம். 50 சிசி, மணிக்கு 45 கிலோமீற்றர். அதற்கு ரூஃப் பரிசோதனை இல்லை, ஒவ்வொரு வருடமும் மார்ச் 1 இல் புதுக் காப்புறுதித் தகடு வாங்கிப் பூட்டினால் போதும். பதினாறு வயதில் ஏ1: 125 சிசி, 11 கிலோவாட் வரை. தகப்பன்மாருக்கும் ஒரு வழி உண்டு. இருபத்தைந்து வயது கடந்து, கார் லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடமாகியிருந்தால், பரீட்சை இல்லாமல் பயிற்சி மட்டும் செய்து ‘பி196’ என்ற இலக்கத்தை லைசென்ஸில் போடுவித்து 125 ஓடலாம். ஜேர்மனிக்குள் மட்டும்தான், ஒஸ்திரியா எல்லையில் இறங்கிவிட வேண்டும். இலங்கை லைசென்ஸோடு வந்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். இங்கே குடியமர்ந்து ஆறு மாதம்தான் அது செல்லும். பிறகு எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டும் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை ஆங்கிலத்தில் எடுக்கலாம், தமிழில் இல்லை.

விளம்பரத்தில் ‘ஓஃபன்’ அல்லது ‘என்ட்றொஸ்ஸெல்ட்’ என்று கண்டால் நின்று யோசியுங்கள். பந்தய வகை 125 இரு-ஸ்ட்றோக் என்டூறோக்கள் பலவற்றைக் கடதாசியில் பலத்தைக் குறைத்துப் பதிந்திருப்பார்கள். வாங்கியவர் அந்தத் தடையைக் கழற்றி முழுப் பலத்தில் ஓடுவார். அப்படிச் செய்த அன்றே அதன் அனுமதி செல்லாமற் போகும். 11 கிலோவாட்டுக்கு மேலே போனதால் பிள்ளையின் ஏ1 உம் அதற்குப் போதாது. கையில் லைசென்ஸும் சைக்கிளில் தகடும் இருக்க, மீண்டும் நான் நின்ற இடத்தில்தான் நிற்பீர்கள்.

கடதாசி என்றால் எது? பெரிய மோட்டார் சைக்கிளுக்கு ‘சூலாசுங்ஸ்பெஷைனிகுங்’ முதற்பகுதி, இரண்டாம் பகுதி என இரண்டு. 2005 ஒக்ரோபருக்கு முன் ‘ஷைன்’, ‘பிறீஃப்’ என்றார்கள், இன்றும் வாயில் அதுதான் வரும். ஆனால் 11 கிலோவாட் வரையான 125 க்கு இரண்டாம் பகுதி கட்டாயமில்லை. அதனால் ‘பிறீஃப்’ இல்லை என்றதும் பயந்து ஓட வேண்டாம். அதற்குப் பதிலாக ‘பெட்றீப்ஸ்எர்லௌப்னிஸ்’ அல்லது ‘சி.ஓ.சி.’ என்ற பத்திரம் இருக்க வேண்டும். பிறகு, கழுத்துப் பக்கத்துச் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைக் கடதாசியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடம் உரஞ்சியோ புதுப் பெயின்ற் பூசியோ இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். களவுபோன பொருளைத் தெரியாமல் வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. காசும் போகும், சைக்கிளும் போகும்.

இவ்வளவும் சரி என்றால், இனி எங்கள் கைவண்ணம். வருமுன் ஸ்ரார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்ரார்ட் ஆகாத ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். பிளாஸ்ரிக்கும் ஸ்ரிக்கரும் புதிதாக மினுங்கினால் மகிழ வேண்டாம், அவை சைக்கிளிலேயே மலிவான பகுதிகள். பெடியன் பிளாஸ்ரிக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நீங்கள் சீற்றைக் கழற்றி எயார் ஃபில்ரரைப் பாருங்கள். நான் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் அதைத்தான் பார்ப்பேன். ஃபில்ரருக்கு உட்புறத்தில், எஞ்சினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டு எடுத்தால் மண் ஒட்டுகிறதா? ஒட்டினால் அந்த மண் பிஸ்டனையும் றிங்ஸையும் தின்றிருக்கும். ஃபில்ரரைக் கழுவாதவர் வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்.

முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி ஹாண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று நின்றால் கழுத்துப் பெயாரிங் முடிந்தது. பின்சில்லை மேலே கீழே தூக்கிப் பாருங்கள், பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பின்சட்டத்தின் பெயாரிங்குகளும் இணைப்புகளும் மாற்ற வேண்டும், விலை கூடிய வேலை. பின் பல்சக்கரத்தில் செயினைப் பின்பக்கமாக இழுங்கள். பாதிப் பல்லு வெளியே தெரிந்தால் செயின், பல்சக்கரம் எல்லாம் ஒன்றாக மாற்ற வேண்டும். சில்லுக் கம்பிகளைத் திறப்பால் தட்டிக்கொண்டு போனால் எல்லாம் ஒரே சுருதியில் கேட்க வேண்டும், செத்த சத்தம் வருவது இளகியது. முன் சொக்கின் குழாயில் ஒயில் கசிகிறதா, கால்மிதி பொருத்திய இடத்தில் சட்டம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது.

புகையும் கதை சொல்லும். இரு-ஸ்ட்றோக் தொடக்கத்தில் புகைப்பது வழமை. நாலு-ஸ்ட்றோக் நீலமாகப் புகைத்தால் ஒயில் எரிகிறது. மீற்றரில் கிலோமீற்றர் குறைவென்று சந்தோசப்படவும் வேண்டாம், பந்தய வகைகளுக்கு ஓடிய மணித்தியாலம்தான் கணக்கு. சில பத்து மணித்தியாலத்தில் பிஸ்டன் மாற்ற வேண்டிய எஞ்சின்கள் அவை. கடைசியாக மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போய்வரத்தான் என்றால் யமஹா எக்ஸ்.ரி. 125, டபிள்யூ.ஆர். 125 போன்ற அமைதியான நாலு-ஸ்ட்றோக்குகள் போதும் என்பது என் அபிப்பிராயம். மகனின் அபிப்பிராயம் வேறு.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஏ.டி.ஏ.சி. யின் மாதிரிப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. தனியாள் விற்கும்போது பிந்தி வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளலாம், அது சட்டப்படி சரி. கடைக்காரர் அப்படி முழுதாகக் கைகழுவ முடியாது, பாவித்த பொருளுக்கும் ஒரு வருடமாவது பொறுப்பு உண்டு. அதனால் கடையில் கொஞ்சம் கூடக் கொடுப்பது சிலவேளை நல்லது. விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் கடதாசியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டில் நிற்கிறேன், காசை முதல் அனுப்பு என்பவருக்குப் பதிலே போட வேண்டாம்.

இரண்டாவது முறை நாங்கள் வாங்கியது ரோசன்ஹைம் பக்கத்தில் ஒரு வயோதிபரிடம். அவருடைய கராஜில் ஒரு பழைய ஸுண்டாப் நின்றது. இது எங்கே செய்தது தெரியுமா என்று கேட்டார். மியூனிக்கில்தானாம். நூர்ன்பேர்க்கில் 1917 இல் தொடங்கி, போருக்குப் பின் மியூனிக்குக்கு வந்த கம்பனி. 1984 இல் முறிந்து, இயந்திரங்கள் சீனாவுக்கு விலைப்பட்டன. எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்திறங்கிய காலம் அது. பேசிக்கொண்டே ஒரு கோப்பை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு ரூஃப் அறிக்கையும், ஒவ்வொரு ஒயில் மாற்றமும் திகதியோடு அதில் இருந்தன. நான் எஞ்சினைக் கேட்குமுன் கோப்பைத்தான் வாசித்தேன். மகன் பொறுமையில்லாமல் “அப்பா, ஸ்ரார்ட் பண்ணிப் பாப்பமே?” என்று இரண்டு தரம் கேட்டான்.

பதிவுக்கு ஐஷ்டெட்டர் வீதியில் உள்ள நகரப் பதிவகத்துக்கு நேரம் எடுத்துப் போனோம். காப்புறுதிக் கம்பனி தந்த ஈ.வி.பி. இலக்கம், சைக்கிளின் கடதாசிகள், செல்லுபடியான ரூஃப் அறிக்கை, கடவுச்சீட்டோடு வதிவுப் பதிவுச் சான்று. அகதிக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதைக் கொண்டுபோகலாம். பிள்ளையின் பெயரில் பதிவதென்றால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். நாங்கள் என் பெயரில் பதிந்தோம், காப்புறுதி மலிவாக வந்தது. ஓடப்போவது பதினாறு வயதுப் பிள்ளை என்பதை மட்டும் காப்புறுதிக்காரரிடம் மறைக்காதீர்கள். 125 க்கு வாகன வரி இல்லை. பலகணிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இலக்கத் தகட்டில் முத்திரையை ஒட்டித் தந்தார்.

அடுத்த ரூஃப் வருகிற வைகாசியில். அதற்கு முன் பின் ரயர் மாற்ற வேண்டும்.