பிரபஞ்சத்தின் முதல் கணமும் கொல்கத்தாவின் கணினியும்

புதுதில்லி: 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு நொடியின் மிகச் சிறிய பின்னத்தில் பிரபஞ்சம் அசுர வேகத்தில் விரிந்ததாக 1980-களில் உருவான கோட்பாடு கூறுகிறது. அக்கணத்தை எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகக் காண இயலாது. எஞ்சியுள்ள தடயங்களைக் கணக்கீடுகளுடன் ஒப்பிட்டே அறிய வேண்டும்.

அந்த விரிவை உந்தியதாகக் கருதப்படுவது ஒரு திசையிலிப் புலம். வெப்பநிலையைப் போல, அதற்கு ஒவ்வோர் இடத்திலும் அளவு உண்டு, திசை கிடையாது. புலத்தின் ஆற்றல் வெளியை வளைக்கிறது. வளைந்த வெளி புலத்தின் போக்கை மாற்றுகிறது. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இச்சமன்பாடுகளை, எளிமையான சில நிலைகளைத் தவிர, காகிதத்தில் தீர்க்க முடிவதில்லை.

எனவே கணினிக்குள் ஒரு கனசதுர வெளி உருவாக்கப்படுகிறது. பக்கத்துக்கு 512 புள்ளிகள் என்றால் மொத்தம் 13 கோடியே 42 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் புலமும் ஈர்ப்பும் கணந்தோறும் கணிக்கப்பட வேண்டும். துல்லியத்தை இரு மடங்காக்கினால் புள்ளிகள் எட்டு மடங்காகும். காலத்தையும் நுணுக்கமாகப் பகுக்க வேண்டியிருப்பதால் கணக்கீடு பதினாறு மடங்காகும்.

இத்துறையில் இந்தியாவுக்குப் பெருமைமிக்க மரபு உண்டு. கொல்கத்தாவில் பணியாற்றிய அமல்குமார் ராய்சவுத்ரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு, பின்னர் பென்ரோஸ், ஹாக்கிங் ஆகியோரின் ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று. உலோகங்கள் குறித்த ஆய்வே அன்று அவருக்கு அளிக்கப்பட்ட பணி; பொதுச் சார்பியல் அவரது சொந்த நாட்டம்.

அதே கொல்கத்தாவில், எஸ்.என். போஸ் தேசிய மையத்தில், 2024 செப்டம்பர் 26-இல் 'பரம் ருத்ரா' மீத்திறன் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. பிரபஞ்சவியலும் அதன் பணிகளுள் ஒன்று. புணே, தில்லி ஆகிய இடங்களில் உள்ளவற்றையும் சேர்த்து மூன்று கணினிகளுக்கான செலவு ரூ.130 கோடி. அதே நாளில் வானிலை ஆய்வுக்கென ரூ.850 கோடியில் தனிக் கணினி அமைப்பு அர்ப்பணிக்கப்பட்டது.

பருவமழையை முன்கூட்டியே அறிவது உழவர்களின் வாழ்வாதாரம். அச்செலவைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், 2020-21-இல் ஆராய்ச்சிக்கென நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம். பங்கு சிறிதாக இருக்கும்போது, உடனடிப் பயனைக் காட்ட இயலாத துறைகளே முதலில் காத்திருக்க நேரிடும்.

ராய்சவுத்ரிக்குத் தாளும் பேனாவும் போதுமானவையாக இருந்தன. அவரது வழித்தோன்றல்களுக்குக் கணினி நேரம் வேண்டும். அதை வழங்குவதா, மறுப்பதா என்பது அறிவியலின் கையில் இல்லை. நிதிநிலை அறிக்கையை வகுப்போர் கையில் இருக்கிறது.