தலையில் ஏறிய உலகம்

விதவிதமாக விஆர், ஏஆர் ஹெட்செட்டுகள். கண்ணைக் கவர்வது எது, காலை வாருவது எது?

முதல் கருவியைத் தாங்கத் தலை மட்டும் போதவில்லை. கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்டும் அவரது மாணவர்களும் உருவாக்கிய அந்தச் சாதனத்துக்கு 'டெமோக்ளிஸின் வாள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றை மயிரில் தலைக்கு மேல் தொங்கும் கிரேக்கக் கதை வாள்தான் அது. இவ்வளவு பாடுபட்டு அது காட்டியது வெறும் கோடுகளாலான உருவங்களை.

அதன்பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கருவி கூரையை விட்டு இறங்கிவிட்டது; குழப்பம் ஏறிவிட்டது. விஆர், ஏஆர், எம்ஆர், எக்ஸ்ஆர் என்று பெயர்கள் பெருகியதில் வாங்குபவருக்குத் தலை சுற்றுகிறது, ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்பே. பெயர்களை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டால் விஷயம் தெளிவாகிவிடும். எதிரே இருக்கும் உலகத்தை இது எவ்வளவு மறைக்கிறது? இதன் மூளை எங்கே இருக்கிறது?

மறைப்பதில் மூன்று ரகம். விர்ச்சுவல் ரியாலிட்டி எனும் விஆர், உலகத்தை முழுவதுமாக மறைத்துவிடும். கண் முன்னே லென்சும் திரையும்தான். சுவர் எங்கே, நாற்காலி எங்கே என்பது முட்டிக்கொண்டால்தான் தெரியும். ஆக்மென்டட் ரியாலிட்டி எனும் ஏஆர் எதையும் மறைக்காது. கண்ணாடி வழியே உலகம் அப்படியே தெரிய, அதன்மேல் எழுத்தோ படமோ மிதக்கும். இந்தப் பெயர் 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் பிறந்தது. விமானத்துக்கான ஒயர்களைக் கட்டும் தொழிலாளிக்கு, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதைக் கண்ணெதிரிலேயே காட்ட முயன்றார்கள் டாம் காடெல், டேவிட் மிசெல் என்ற ஆய்வாளர்கள்.

மூன்றாவது ரகம் நடுவில் நிற்கிறது. கண்ணை மூடிவிட்டு, வெளிப்புற கேமராக்கள் பிடிக்கும் அறையின் காட்சியை உள்ளே திரையில் காட்டும். 2023இல் வந்த மெட்டா க்வெஸ்ட் 3, 2024இல் 3,499 டாலர் விலையில் வந்த ஆப்பிள் விஷன் புரோ இரண்டும் இப்படித்தான். நீங்கள் பார்ப்பது உங்கள் அறையை அல்ல, அறையின் வீடியோவை.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஏஆர் கண்ணாடியால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. அதனால் கறுப்பு நிறம் காட்ட இயலாது. வெயிலில் படம் வெளிறிவிடும். காட்சியும் குறுகலானது. மூக்குக்கண்ணாடி போலிருக்கும் எல்லாமே ஏஆர் என்றும் நம்பிவிட வேண்டாம். 2023இல் வந்த ரேபான் மெட்டா கண்ணாடியில் கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு; திரை கிடையாது.

அடுத்து மூளை. செல்போனையே திரையாக்கும் பெட்டிதான் மிக மலிவு. 2014இல் கூகுள் காட்டிய அட்டைப் பெட்டியும், ஐபிஎல் கிரிக்கெட் பார்க்க 2023இல் ஜியோ 1,299 ரூபாய்க்கு விற்ற ஜியோடைவும் இந்த ஜாதி. இவற்றுக்குத் தலை திரும்புவது புரியும். உடல் நகர்வது புரியாது. ஒரு அடி முன்னே போனால் காட்சியும் கூடவே வரும், சிலருக்கு வாந்தியும் வரும். இரண்டாவது வகை கேபிளால் கம்ப்யூட்டருடனோ விளையாட்டுச் சாதனத்துடனோ பிணைக்கப்பட்டது. 2016இல் வந்த எச்டிசி வைவ், 2023இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் விஆர் 2 இதற்கு உதாரணம். படம் துல்லியம், காலில் ஒயர். மூன்றாவது, எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும் க்வெஸ்ட் வகை. சுதந்திரம் அதிகம், முகத்தில் பாரமும் அதிகம்.

எந்த ரகமானாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. கண் ஓடுவதாகச் சொல்ல, உட்செவி உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல, மூளை இரண்டில் எதை நம்பும்? குமட்டல் அதன் விளைவு. பெரும்பாலான ஹெட்செட்டுகளில் திரையின் குவிதூரம் மாறாதது. ஆனால் அருகில் தெரியும் பொருளைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. இந்த முரண்பாடு கண்ணை அயர்ச்சியில் தள்ளுகிறது. 12 வயதுக்குக் கீழே கூடாது என்று சோனி தன் விஆர் கருவிக்குச் சொன்னது. குழந்தையின் பிறந்தநாள் பரிசாக வாங்குபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

பணத்துக்கு வரும் ஆபத்து வேறு. இந்தக் கருவிகள் உடையாமலே சாகும். கூகுள் தன் டேட்ரீம் ஹெட்செட்டை 2016இல் கொண்டுவந்து 2019இல் கைவிட்டது. 3,500 டாலர் ஹோலோலென்ஸ் 2இன் தயாரிப்பை நிறுத்துவதாக 2024இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே நிறுவனத்தின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை நம்பி ஏசர், டெல், எச்பி, லெனோவோ, சாம்சங் எல்லோரும் ஹெட்செட் செய்தார்கள். 2024இல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பிலிருந்து அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நீக்கியது. கீறல்கூட விழாத கருவிகள், கம்ப்யூட்டரைப் புதுப்பித்ததுமே வேலைநிறுத்தம் செய்தன.

எனவே கடைக்காரர் கண்ணில் மாட்டிவிடும் அதிசயத்தில் மயங்குமுன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கால் மணி நேரமாவது மாட்டிப் பார்க்க அனுமதி உண்டா? மூக்குக்கண்ணாடியோடு போட முடியுமா? நிறுவனம் எந்த ஆண்டுவரை மென்பொருள் தருவதாக எழுத்தில் சொல்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் வாங்கப்போவது கருவியை அல்ல, அந்த நிறுவனத்தின் மனநிலையை.