விழாத கோலுக்கு என்ன சம்பளம்?

தென் லண்டனின் சட்டனில், வெஸ்ட் சட்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேண்டர் கிரீன் லேன் மைதானம். 1898-இல் தொடங்கிய சட்டன் யுனைடெட் கால்பந்துக் கழகம் ஆடும் இடம். 2021-இல் இக்கழகம் முதன்முறையாக நான்காம் அடுக்கான லீக் டூவுக்கு ஏறியது. 2024-இல் மறுபடி ஐந்தாம் அடுக்குக்கு இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் கழகங்களில் சீசன் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும்: யாருக்குப் புது ஒப்பந்தம், யாருக்கு விடை. ஜூன் 30-உடன் பல வீரர்களின் சம்பளம் நின்றுபோகும்.

முன்கள வீரரை எடைபோட கோல் கணக்கு இருக்கிறது. தடுப்பாட்டக்காரரின் வேலையே ஒன்றை நடக்கவிடாமல் செய்வது. நடக்காததை எப்படி எண்ணுவது?

அணி வாங்கிய கோல்களை எண்ணலாமே என்று தோன்றும். ஐந்தாம் அடுக்கில் ஓர் அணிக்கு 46 ஆட்டங்கள். 50 கோல் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அரிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை, தற்செயலாலேயே ஏறக்குறைய தன் வர்க்கமூல அளவுக்குக் கூடும், குறையும். 50-இன் வர்க்கமூலம் சுமார் 7. அதாவது, அதே திறமையோடு அதே அணி பல சீசன்கள் ஆடினால், மூன்றில் இரண்டு சீசன்களில் 43-க்கும் 57-க்கும் நடுவே எங்கோ நிற்கும். 43 வந்தால் ‘இரும்புச் சுவர்’ என்பார்கள். 57 வந்தால் ‘ஓட்டை’ என்பார்கள். இரண்டும் அதே ஆட்கள்தான். இந்த எண்ணை நான்கு தடுப்பாட்டக்காரர்களுக்கும் ஒரு கோல்கீப்பருக்கும் பிரித்துப் போட்டால், தனி ஒருவரின் பங்கு தற்செயலின் இரைச்சலில் மூழ்கிவிடும்.

பந்தைப் பறித்த ‘டேக்கிள்’களை எண்ணினால்? நல்ல இடத்தில் நிற்பவரை நோக்கி எதிரி பந்தையே அனுப்ப மாட்டார்; அவருடைய எண்ணிக்கை குறையும். 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாமை லாட்சியோவுக்கு விற்றது. டேக்கிள் எண்ணிக்கை சரிந்ததும் ஒரு காரணம் என்று பிறகு எழுதப்பட்டது. விற்றது தவறு என்று மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்டாம் மிலனுக்காக ஆடினார்.

மதிப்பு தெரியாதபோது ஒப்பந்தத்தின் வடிவம்தான் கைகொடுக்கிறது. ‘ஓராண்டு ஒப்பந்தம், கழகம் விரும்பினால் இன்னோர் ஆண்டு’ என்ற வகை, நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவைப்பதைப் போன்றது. விலை ஏறினால் வாங்கலாம். இறங்கினால் அட்வான்ஸோடு போகும். இங்கேதான் வியப்பு. பொருளியலில் இத்தகைய உரிமைக்கு, எதிர்காலம் எவ்வளவு கணிக்க முடியாததோ அவ்வளவு மதிப்பு கூடும். நட்டம் ஓராண்டுச் சம்பளத்தோடு முடியும். லாபத்துக்கு அப்படி வரம்பில்லை. ஆகவே, என்ன ஆவார் என்று தெரியாத இருபது வயதுக்காரருக்கு, அந்தத் தெரியாமையே ஒரு விலை. இங்கிலாந்தின் விதியும் இதற்குத் துணை: 24 வயது ஆகாத வீரருக்குப் பழையதற்குக் குறையாத ஒப்பந்தத்தை உரிய நேரத்தில் கொடுக்க முன்வந்தால், அவர் வேறு கழகத்துக்குப் போனாலும் இழப்பீடு கேட்கலாம்.

தடுப்பாட்டக்காரர் கிறிஸ் ஸ்மாலிங் 2008-இல் ஏழாம் அடுக்கின் மெய்ட்ஸ்டோன் யுனைடெடிலிருந்து ஃபுல்ஹாமுக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில் மான்செஸ்டர் யுனைடெடில் இருந்தார். அப்படி ஒருவர் கிடைத்தாலே பலரின் ஓராண்டுச் சம்பளம் ஈடாகிவிடும்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி இதே புதிரைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. அங்கே மேல் லீக்கான என்.எச்.எல்.-இன் கழகம் ஒன்று அதிகபட்சம் 50 ஒப்பந்தங்களே வைத்திருக்கலாம். ‘இருவழி’ ஒப்பந்தத்தில் மேல் லீக்கில் ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஏ.எச்.எல்.-இல் ஆடினால் வேறு சம்பளம். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு. 24 வயதில் ஓராண்டு. 25 வயதாகி, மூன்று தொழில்முறை சீசன்கள் முடித்தும், 80 என்.எச்.எல். ஆட்டங்களை எட்டாத களவீரர், ஒப்பந்தம் முடிந்ததும் எங்கும் போகலாம். கழகம் காத்திருக்கலாம், ஆனால் காலவரையின்றி அல்ல.

வீரரின் பக்கமிருந்து பார்த்தால் இதே கணக்கு தலைகீழ். 1989 ஜனவரி 7-இல் எஃப்.ஏ. கோப்பையில் முதல் அடுக்கின் கவென்ட்ரி சிட்டியை 2-1 என சட்டன் வீழ்த்தியபோது, வெற்றி கோலை அடித்த மேத்யூ ஹான்லன் கொத்தனார் வேலை பார்த்தவர். அன்றாட வேலை கையில் இருந்தது. ஸ்டூவர்ட் பியர்ஸ் எலக்ட்ரீசியனாக இருந்துகொண்டே வெல்ட்ஸ்டோன் கழகத்தில் தடுப்பாட்டம் ஆடியவர். 1983-இல் கவென்ட்ரி அவரை 30,000 பவுண்டுக்கு வாங்கியது. பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போன பின்னும், ஆட்ட நாள் இதழில் தம் எலக்ட்ரிக் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார். இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள் ஆடப்போகிறவர் அவர். ஆனால் அது அன்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

முழுநேர ஒப்பந்தம் என்றால் அந்த வேலையை விட வேண்டும். முழங்கால் போனால் ‘இன்னோர் ஆண்டு’ உரிமையைக் கழகம் பயன்படுத்தாது. ஆட்டம் சூடுபிடித்தால் கட்டாயம் பயன்படுத்தும். இரண்டிலும் முடிவு கழகத்தின் கையில். ஆகவே அந்த ஒற்றை வரி இலவசமாகக் கொடுக்கத் தக்கதல்ல. இத்தனை ஆட்டங்கள் ஆடினால் ஒப்பந்தம் தானாக நீள வேண்டும், மேல் அடுக்கிலிருந்து இவ்வளவு தொகை வந்தால் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனைகள்தாம் அதற்கு ஈடு. வாரச் சம்பளத்தில் இன்னும் ஐம்பது பவுண்டு கேட்பதைவிட, இருபது வயதுத் தடுப்பாட்டக்காரர் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.