யாரிடம் கேட்டார்கள்?

பிரிவும் வாக்கும் – 6

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. விலகுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருப்போம் என்றவர்கள் 48.1. முடிவு வெளியான சூட்டோடு சூடாக அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் டெக்சஸில் 'டெக்சிட்' என்ற முழக்கம் கிளம்பிவிட்டது. டேனியல் மில்லர் தலைமையிலான டெக்சஸ் தேசியவாத இயக்கம், எங்களுக்கும் அப்படியொரு வாக்கெடுப்பு வேண்டும் என்றது.

சென்ற வாரம் பிரிட்டனைப் பார்த்தோம். இந்த வாரம் டெக்சஸுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரிவதா, இருப்பதா என்று இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை வாக்களித்துவிட்டது. அந்த வாக்கு விவரங்களில் தமிழர்களாகிய நமக்கு அக்கறைப்பட வேண்டிய செய்தி ஒன்று கிடக்கிறது.

டெக்சஸ் 1836 முதல் 1845 வரை தனி நாடு. லண்டனில் அதற்குத் தூதரகம் இருந்தது. செயின்ட் ஜேம்ஸ் தெருவில், இன்றும் நடக்கும் ஒரு பழைய மதுக்கடையின் மாடியில் அது இயங்கியதாகச் சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள். டெக்சஸ் அமெரிக்காவோடு சேராமல் தனித்தே இருக்கட்டும் என்று அன்றைய பிரிட்டிஷ் அரசு விரும்பியது, நடக்கவில்லை. 1845 இறுதியில் சேர்ந்த டெக்சஸ் பதினைந்தே ஆண்டுகளில் வெளியேறப் புறப்பட்டது. 1861 பிப்ரவரி 1 அன்று ஆஸ்டினில் கூடிய மாநாட்டில் பிரிவுக்கு ஆதரவாக 166 பேர், எதிராக 8 பேர். பிப்ரவரி 23 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு. நான்கில் மூன்று பங்கு வாக்குகள் பிரிவினைக்குக் கிடைத்தன. கவர்னர் சாம் ஹூஸ்டன், டெக்சஸின் விடுதலைப் போரை நடத்திய தளபதி, பிரிந்த தென் மாநிலங்களின் புதிய கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

வாக்களித்த 122 கவுண்டிகளில் பிரிவினை வேண்டாம் என்றவை இருபதுக்கும் குறைவு. அவற்றில் மூன்றின் பெயரைச் சொல்கிறேன்: காலின், டிராவிஸ், வில்லியம்சன். டெக்சஸ் வரைபடம் தெரிந்த தமிழருக்கு இது போதும். பிளேனோவும் மெக்கின்னியும் ஃபிரிஸ்கோவின் பெரும்பகுதியும் காலின் கவுண்டி. ஆஸ்டின் டிராவிஸில் இருக்கிறது. ரவுண்ட் ராக்கும் சீடர் பார்க்கும் வில்லியம்சன். ஐ.டி. வேலைக்கு டெக்சஸ் வந்த தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்த்து, பள்ளி பார்த்து, வார இறுதித் தமிழ் வகுப்பு பார்த்துக் குடியேறிய ஊர்களில் பல, 160 ஆண்டுகளுக்கு முன் 'இருப்போம்' என்று சொன்ன மண்ணில் அமைந்திருக்கின்றன. தற்செயல்தான். ஆனாலும் அந்த மனிதர்களைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்ததற்கு அதுவே காரணம்.

காலினில் குடியேறியவர்களில் பலர் கென்டக்கி, டென்னசி, மிசூரி பக்கத்திலிருந்து வந்த தானிய விவசாயிகள். கிழக்கு டெக்சஸின் பருத்திப் பண்ணைகளைப் போல அங்கே அடிமை உழைப்பு பெருகவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றவே பிரிவினை என்று மாநாடு வெளிப்படையாகவே அறிவித்திருந்ததால், அதற்காக நாட்டை உடைக்க இவர்களுக்குப் பெரிய காரணம் இருக்கவில்லை. மாநாட்டில் எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரில் மெக்கின்னியைச் சேர்ந்த ஜேம்ஸ் த்ராக்மார்ட்டனும் ஒருவர். மண்டபமே ஊளையிட்டபோதும் அவர் தன் வாக்கை மாற்றவில்லை.

ஆஸ்டினுக்கு மேற்கே கில்லெஸ்பி கவுண்டியில் ஜெர்மானியக் குடியேறிகள். அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பிரிவினையை எதிர்த்தார்கள். கடல் கடந்து வந்து, புதிய நாட்டுக்கு உறுதிமொழி கொடுத்து ஒரு தலைமுறைகூட ஆகாதவர்கள். அதை முறித்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1862 ஆகஸ்டில் மெக்சிகோவை நோக்கித் தப்பிச் சென்ற ஜெர்மானியர் குழு ஒன்றை நியூசெஸ் ஆற்றங்கரையில் கூட்டமைப்புப் படை மடக்கியது. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். போர் முடிந்தபின் ஊர்க்காரர்கள் போய் எலும்புகளைத் திரட்டி வந்து கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் புதைத்து, பெயர்கள் பொறித்த நினைவுத்தூண் எழுப்பினார்கள். சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. டெக்சஸ் வரும் உறவினர்களை நாசாவுக்கும் அலாமோவுக்கும் அழைத்துப் போகும் நம்மவர்கள் கம்ஃபர்ட்டுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த வாக்கெடுப்பின் பெரிய உண்மையை இன்னும் சொல்லவில்லை. 1860 கணக்கெடுப்பின்படி டெக்சஸின் மக்கள்தொகை 6,04,215. அதில் 1,82,566 பேர் அடிமைகள். யாரை அடிமையாகவே வைத்திருப்பதற்காக வாக்கெடுப்பு நடந்ததோ, அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்களிடமும் கேட்கவில்லை. 'நான்கில் மூன்று பங்கு மக்கள்' என்று பள்ளிப் புத்தகம் சொல்லும்போது, அந்த 'மக்கள்' யார் என்று கேட்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

2016இல் பிரிட்டனிலும் இதே கேள்விதான் என்னை உறுத்தியது. அந்த வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் குடிமக்களோடு, அங்கே வசிக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கும் காமன்வெல்த் நாட்டினருக்கும் வாக்குரிமை இருந்தது. அதாவது, சென்னையிலிருந்து வேலை விசாவில் போய் லண்டனின் ஹாரோவில் குடியிருந்த தமிழர் வாக்களிக்கலாம், யாழ்ப்பாணத்துக்காரரும் வாக்களிக்கலாம். பத்து வருடமாக அதே தெருவில் வாழ்ந்து வரி கட்டிய போலந்துத் தச்சருக்கு வாக்கு இல்லை. முடிவால் யாருடைய வாழ்க்கை நேரடியாகப் புரளப்போகிறதோ, அந்த முப்பது லட்சம் ஐரோப்பியர்களில் ஆகப் பெரும்பான்மையோர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரோ சுமார் 55 சதவீதம் இருப்போம் என்றது. தெற்காசியர் நிறைந்த ஸ்லாவும் லூட்டனும் விலகுவோம் என்றன. விலகினால் நம்மூர்ச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று கறி ஹவுஸ் முதலாளிகளிடம் அன்றைய அமைச்சர் பிரீத்தி படேல் பிரசாரம் செய்தார். நம்பி வாக்களித்தவர்கள் பிறகு ஏமாற்றத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள்.

2019 டிசம்பர் 12 பொதுத்தேர்தலும் விலகல் பற்றிய இன்னொரு வாக்கெடுப்பாகவே நடந்தது. கன்சர்வேடிவ் கட்சிக்கு 43.6 சதவீத வாக்கில் 365 இடங்கள். மறு வாக்கெடுப்புக்கு வழி திறந்து வைத்த கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதியைச் சற்றே தாண்டும். ஆனால் அவை சிதறிக் கிடந்தன. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாக்கிய அனுபவம் நமக்கும் உண்டு. தனி ஈழம் கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து 1977இல் இலங்கைத் தேர்தலில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. தனி ஈழத்துக்கான ஆணை என்றார்கள். கூட்டணியின் தலைவர்களில் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமானால் அந்தக் கோரிக்கையோடு நிற்க முடியவில்லை. அவருடைய மக்கள் வாழ்ந்தது மலையகத்தில், கேட்கப்பட்ட எல்லைக்கு வெளியே. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி வாக்கையே இழந்து நின்றவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களைக் கணக்கில் வைத்துப் பேசியவர்கள் அன்று மிகக் குறைவு. அந்த வலி இன்றும் மலையகத்தில் இருக்கிறது.

டெக்சஸுக்குத் திரும்புவோம். சட்டப்படி கதவு மூடியிருக்கிறது. 1869இல் டெக்சஸ் எதிர் ஒயிட் வழக்கில், எந்த மாநிலமும் தன்னிச்சையாகப் பிரிய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தில் 50ஆம் பிரிவு என்றொரு வாசல் இருந்தது; அமெரிக்க அரசமைப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் கருத்து ஓயவில்லை. ஒபாமா மீண்டும் வென்ற 2012இல், டெக்சஸைப் பிரியவிடக் கோரி வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் 1,25,000 பேர் கையெழுத்திட்டார்கள். 2022இல் மாநிலக் குடியரசுக் கட்சி வாக்கெடுப்புக் கோரிக்கையைத் தன் கொள்கை அறிக்கையிலேயே சேர்த்தது. ஆனால் 2023 இறுதியில் மில்லரின் இயக்கம் லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளைக் கொடுத்தபோது, அதே கட்சியின் தலைமை அவை செல்லாது என்று தள்ளிவிட்டது.

2016இல் ட்ரம்ப் வென்ற பிறகு இதே ஆசை கலிஃபோர்னியாவுக்கு இடம் மாறியது. 2017 ஜனவரியில் ராய்ட்டர்ஸ்–இப்சாஸ் கேட்டபோது மூன்றில் ஒரு கலிஃபோர்னியர் பிரிவை ஆதரித்தார். வாஷிங்டனில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஒட்டி ஏறி இறங்கும் கோபத்தை, நாட்டைப் பிரிக்கும் உறுதி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரிட்டனில் அந்தக் கோபத்தின் கையில் ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். இங்கே இதுவரை கொடுக்கவில்லை.

ஒருநாள் கொடுத்தால்? எச்-1பி விசாவில் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கி, சொத்துவரி கட்டி, கிரீன் கார்டுக்குப் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் காத்திருக்கும் தமிழரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அவருடைய விசாவோ வாஷிங்டன் அரசு கொடுத்தது. ஹாரோவில் இருக்கும் அவருடைய கல்லூரி நண்பருக்கு இருந்த உரிமை இவருக்கு இல்லை.

முன்பு இப்படி இருந்ததில்லை என்பது பலருக்குத் தெரியாது. குடியுரிமை பெற விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்த வெளிநாட்டவர் டெக்சஸில் 1921 வரை வாக்களித்தார்கள். 1919 மே மாதம், பெண்களுக்கு வாக்குரிமை தருவதையும் இந்த வெளிநாட்டவரின் வாக்குரிமையை நீக்குவதையும் ஒரே திருத்தமாகக் கட்டி வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வெளிநாட்டவர் அதில் வாக்களிக்கலாம், பெண்கள் கூடாது. திருத்தம் சுமார் 25,000 வாக்குகளில் தோற்றது. அடுத்த மாதமே டெக்சஸ் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் 19ஆம் அரசமைப்புத் திருத்தத்தை ஏற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிநாட்டவரின் வாக்கைத் தனியாக எடுத்துவிட்டார்கள்.

(அடுத்த வாரம்: கலிஃபோர்னியாவை மூன்றாகப் பிரிக்கும் திட்டத்தை 2018இல் வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கிய நீதிமன்றம்)